அளவுக்கு ஒரு ஆள்

நோலீன் ட்ரெலோர் எங்கள் கர்ராபூலுக்கு வந்து இறங்கிய அன்று அவள் உயரம் இருபதரை சென்டிமீட்டர், அதாவது ஒரு தக்காளி சாஸ் பாட்டில். பதினான்கு மாதத்துக்கு முன் அடிலெய்டில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியபோது நூற்று அறுபத்து மூன்று. இடையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கணவனோடு காரவனில் நாடு சுற்றிப் பார்த்தாள், அவ்வளவுதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று சும்மா வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். கட்டெறும்பு திரும்ப என்ன ஆனது என்பதையும் பார்த்தவர்கள். ஊர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதைக் குறிப்பேட்டில் ஏற்றுவது என் வேலை. சங்கம் வேறு எந்த முன்னேற்றத்தையும் கண்டதில்லை என்பதால் பக்கங்கள் நிறையவே காலியாக இருக்கின்றன.

கணவன் பெயர் ராய்ஸ். முப்பத்தாறு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கசாப்புக்கடைத் தராசு ஐந்து கிராம் ஏமாற்றினால் ரோட்டுக்கு மறுபக்கம் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவான் என்று அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான். ஓய்வு பெற்ற மறுநாள் ஒரு புத்தகத்தை வாங்கினான். இந்த நாட்டில் நெடுஞ்சாலை ஓரம் எந்த ஊரில் யாரும் நிற்காமல் போகிறார்களோ, அந்த ஊர் தன்னிடம் விளைவதையோ மேய்வதையோ மாடி உயரத்துக்குச் சிமெண்டில் செய்து வாசலில் வைத்துவிடும். பெரிய வாழைப்பழம், பெரிய இறால், பெரிய செம்மறிக்கடா. ஜனங்கள் நின்று படம் எடுத்து, கழிப்பறைக்குப் போய், ஒரு சாசேஜ் ரோல் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். ஊர் பிழைத்துக்கொள்ளும். புத்தகத்தில் இப்படி ஐம்பத்தொன்று இருந்தன. ஐம்பத்தொன்றையும் பார்த்து, படம் எடுத்து, பக்கத்தில் ஒரு டிக் போடுவது என்று ராய்ஸ் முடிவு செய்தான். நோலீனைக் கேட்டானா என்றால், கேட்டான். காரவனில் எந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறாய் என்று கேட்டான்.

படம் எடுப்பதில் அவனுக்கு ஒரே ஒரு விதி. பெரிய பொருளின் பக்கத்தில் அளவுக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் எது பெரிசு எது சின்னது என்று பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? ஆள் நோலீன்தான், வேறு யார். அவளை இறாலின் காலடியில் நிறுத்திவிட்டு, மீசை முனையும் சட்டத்துக்குள் வரவேண்டும் என்று ராய்ஸ் பின்னால் போவான். பெட்ரோல் பங்க் வரை போவான், ரோட்டைத் தாண்டிப் போவான், அடுத்தவன் வேலியில் முதுகு இடிக்கும்வரை போவான். படத்தில் இறால் முழுசாக இருக்கும். நோலீன் ஒரு புள்ளியாக இருப்பாள். படத்தில் எவ்வளவு சின்னதாக விழுந்தாளோ, அந்தக் கணக்குக்கு அசலிலும் கொஞ்சம் கழிந்தது. ஒரு படத்துக்கு மூன்றே முக்கால் சென்டிமீட்டர். உடுத்தியிருந்ததும் பெட்டியில் இருந்ததும் கூடவே சுருங்கின. நடந்த அதிசயத்துக்கு அந்த மட்டுக்கு நாகரிகம் இருந்தது.

ராய்ஸ் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கவனித்தான். டீசல் குறைவாகச் செலவாகிறது என்பதைக் கவனித்தான். டயரில் காற்றைச் சரியாக வைத்ததன் பலன் என்று பயணக் குறிப்பில் தேதி போட்டு எழுதினான். சாயங்காலம் ஐந்து மணிக்கு காரவன் பார்க்குகளில் எல்லோரும் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சீஸ் துண்டும் பெட்டி ஒயினுமாக உட்காருவார்களே, அங்கே போய் டயர் காற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். ஆண்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் எழுதிக்கூட வைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்பதால் நோலீனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன டயட் என்று விசாரித்தார்கள். பெரிய கோலா கரடியைப் பார்த்துவிட்டு வந்த வாரம், பார்பெக்யூ மேஜையில் உட்கார்ந்திருந்த அவளை ஒரு குக்கபரா பறவை சாசேஜ் என்று நினைத்துத் தூக்கப் பார்த்தது. ராய்ஸ் தொப்பியை வீசி விரட்டினான். அதையும் சொல்லத்தான் வேண்டும். விரட்டிவிட்டு, சாசேஜை மூடிவைக்கக்கூடாதா என்று அவளைத் திட்டினான்.

கஷ்டம் என்று ஒன்று அவனுக்கு வந்தது காரவனைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போதுதான். இந்த வேலையில் பிரிந்த தம்பதிகள் நிறைய. காருக்குப் பின்னால் மாட்டிய காரவன், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் எதிர்ப்பக்கம் போகும். ஆகவே மனைவி பின்னால் நின்று கை காட்ட வேண்டும், கணவன் கண்ணாடியில் பார்த்து ஒடிக்க வேண்டும், பார்க்கில் உள்ள அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். நோலீன் இதில் கெட்டிக்காரி. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வாசலில் ஆரஞ்சுக் கோட்டு போட்டு, கையில் பலகை பிடித்து, லாரியை நிறுத்திப் பிள்ளைகளை ரோடு தாண்டவிட்டவள். அவள் கையை உயர்த்தினால் எந்த வண்டியும் நிற்கும். ஆனால் பதினைந்தாவது பொருளுக்குப் பிறகு கண்ணாடியில் அவள் தெரியவில்லை. ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்றாள். இருபத்தைந்துக்குப் பிறகு அதுவும் போதவில்லை. வாக்கி டாக்கி வாங்கிக் கொடுத்தான். அதன் பட்டனை அழுத்த இரண்டு கையாலும் தொங்க வேண்டியிருந்தது.

கணக்கு அவளுக்குத் தெரியாமல் இல்லை. முப்பத்தெட்டு முடிந்துவிட்டது, பதின்மூன்று பாக்கி. இருக்கிற உயரம் ஐந்து படத்துக்குத் தாங்கும், ஆறாவது தாங்காது. அவனிடம் ஒரு முறை சொன்னாள். பாதி வழியில் திரும்பினால் புத்தகம் வீணாகிவிடுமே என்றான். சண்டை போடவில்லையா என்று எங்கள் காரவன் பார்க்கை நடத்தும் வால்மா பின்னால் அவளிடம் கேட்டாள். சின்னக் குரலில் சண்டை போட்டால் ஆண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அதைவிட ஒரு கோபம் என்னவென்றால், இவ்வளவு சுற்றியும் மகளுக்கு அனுப்ப என் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் இல்லை என்றாளாம். மகள் ட்ரேசி பெர்த்தில் இருக்கிறாள். ஒவ்வொரு படம் போகும்போதும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "நல்லாருக்கு. அம்மா எங்க?"

இனி எங்கள் ஊர். எங்களுக்கும் ஒரு பெரிய பொருள் வேண்டும் என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன் சங்கம் தீர்மானம் போட்டது. குட்டைகளில் கிடைக்கும் யாபி என்ற நன்னீர் இறாலைத்தான் வைக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. கோதுமைக்குப் பேர்போன ஊரில் இறாலா, கோதுமைக் கதிர் வை என்றது இன்னொரு கட்சி. கல்யாணம், கருமாதி எதிலும் இரண்டு கட்சியும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் சமாதானமாக, முதலில் மேடையைக் கட்டுவோம், மேலே என்ன வைப்பது என்பதைப் பிறகு பார்ப்போம் என்று முடிவானது. கட்டினோம். ஒன்றரை ஆள் உயரத்துக்கு, படிக்கட்டோடு, நல்ல கெட்டியான மேடை. 'கர்ராபூலின் பெருமை' என்று பித்தளைப் பலகை பதித்து, ரிப்பன் வெட்டி, வெறும் மேடைக்குக் கை தட்டினோம். பிறகு அதைப் பார்த்தபடியே வயதானோம். இதற்கிடையில் யாபி கட்சிக்காரர் ஒருவர், பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதையாக, பதினோரு மீட்டர் உயர யாபி என்று அந்தப் புத்தகக்காரர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டார். அவர்களும் அச்சில் ஏற்றிவிட்டார்கள். முப்பத்தொன்பதாவது பக்கம்.

ஜூலை மாதத்து மத்தியானம் ஒன்றில் அவர்கள் வந்தார்கள். மேடைக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் காரவன் பார்க். நாங்கள் வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். ஆரஞ்சுக் கோட்டு போட்ட ஏதோ ஒன்று தண்ணீர்க்குழாய் மேல் ஏறி நிற்பது மட்டும் தெரிந்தது. வாக்கி டாக்கியிலிருந்து குரல் வந்தது. "வா, வா… இடது ஒடி… இன்னும் ஒடி… நேரா விடு… ஹோல்டான்." ஒரே தடவையில், ஒரு விரல்கடை பிசகாமல் காரவன் நின்றது. இருபது வருஷத்தில் அப்படி ஒரு ரிவர்ஸை நாங்கள் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்து கை தட்டினோம். ராய்ஸ் காரிலிருந்து இறங்கித் தொப்பியைத் தூக்கிக் கைதட்டலை ஏற்றுக்கொண்டான்.

மறுநாள் காலை மேடைக்கு முன்னால் வந்து நின்றவனுக்கு முகம் செத்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான், பலகையைப் படித்தான். வால்மா ரோட்டின் எதிர்ப்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தாள். யாபி எங்கே என்று அவளைக் கேட்டான்.

"வரும்," என்றாள் வால்மா.

"எப்ப வரும்?"

"பத்தொம்பது வருஷமா வரும்னுதான் சொல்லிட்டிருக்கோம். இன்னைக்கு மட்டும் தேதி கேட்டா எப்படிய்யா?"

அவன் கோட்டுப் பையில் இருந்த நோலீன் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மூன்றே முக்கால் மிச்சம் என்ற சந்தோஷம் அவளுக்கு. ராய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொன்பதாவது பக்கத்தைக் காலியாக விடுவது அவன் ரத்தத்தில் இல்லை. பொருள் இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும், படத்தோடு புகார் எழுதப்போகிறேன் என்றான். படியேறி அவளை மேடை நடுவில் நிறுத்தினான். பழக்க தோஷத்தில் முப்பது அடி பின்னால் போனான். சட்டத்துக்குள் மேடை தெரிந்தது, வானம் தெரிந்தது. அவள் தெரியவில்லை. இன்னும் பின்னால் போகவும் காரணம் இல்லை, சட்டத்துக்குள் கொண்டுவர அங்கே வேறொன்றும் இல்லையே. அவன் முன்னால் வந்தான். பதினான்கு மாதத்தில், என்னைக் கேட்டால் கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில், கேமராவைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி அவன் நடந்தது அதுதான் முதல் தடவை. படியேறி, மண்டியிட்டு, பிறகு மேடை மேல் குப்புறப் படுத்து, கேமராவை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனான். கொஞ்ச நேரம் பட்டனை அழுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூக்குல மச்சம் எப்ப வந்துச்சு, நோல்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

அவன் பட்டனை அழுத்தினான். சட்டம் முழுக்க அவள் முகம். படத்தில் எவ்வளவு இடம் பிடித்தாளோ அந்தக் கணக்குக்கு அசலிலும் கூடியது. இந்த விதி ஒரு பக்கமாக மட்டும் வேலை செய்யும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாவது படத்தில் முழங்கால் உயரம் வந்தாள். எடை அளவு இலாகாவில் எதையும் மூன்று முறை அளப்பது சட்டம் என்பதால் மூன்றாவதும் எடுத்தான். அதில் அவளுடைய பழைய நூற்று அறுபத்து மூன்றும் அப்படியே வந்துவிட்டது. ராய்ஸ் எழுந்து பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். போதும், டிக் போட்டுவிடலாம் என்றான்.

அங்கேயே அவள் இறங்கியிருக்கலாம். நியாயமாக வரவேண்டியது வந்துவிட்டது. ரோட்டைத் தாண்டி காரவனில் ஏறி, நாற்பதாவது பக்கத்துக்குப் போயிருக்கலாம். அங்கே அவன் மறுபடியும் பின்னால் போயிருப்பான். அது அவளுக்குத் தெரியும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடை நடுவிலேயே நின்றாள்.

"இன்னொண்ணு எடு, ராய்ஸ். கண்ணை மூடிட்டேன்."

எடுத்தான். அதிலும் கண்ணை மூடிவிட்டேன் என்றாள். அதற்கடுத்ததிலும். ஒரு கண்ணும் மூடவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த வால்மாவும், சாசேஜ் ரோலும் கையுமாக நின்ற நாங்களும் சாட்சி. ராய்ஸ் உட்கார்ந்து எடுத்தான், பிறகு மல்லாக்கப் படுத்து மேலே பார்த்து எடுத்தான். படுத்து எடுத்தால் யாரானாலும் இன்னும் உயரமாகத் தெரிவார்கள். அவள் தெரிந்ததோடு நிற்கவில்லை. விளக்குக் கம்பத்தைத் தாண்டினாள். பேக்கரிக் கூரையைத் தாண்டினாள். ஆரஞ்சுக் கோட்டு கோதுமைக் கிடங்கின் மேல் நிழல் போட்டது. முப்பத்தெட்டு படம் ஆனதும், ஒரு பொருளுக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு வந்தவள், போதும் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு ஊரில் ஏழு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. பிறகு சங்கத்தில் கயிறு போட்டு அளந்தோம். பதினோரு மீட்டர். புத்தகத்தில் அச்சான அளவுக்கு அரைச் சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. யாபி கட்சியார் தாங்கள் சொன்னதுதான் நடந்தது என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள்.

ராய்ஸ் என்ன செய்தான் தெரியுமா? முப்பத்தொன்பதுக்கு டிக் போட்டான். கால அட்டவணை கெட்டுவிடக்கூடாது என்று மறுநாள் காலை நாற்பதைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினான். போய்வா என்றாள் அவள். டயர் காற்றைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவனை நாங்கள் யாரும் தடுக்கவில்லை. எங்களுக்கு மேடை நிறைந்த சந்தோஷம். அதற்குப் பிறகு நடந்தது அந்த ஊரார் சொல்லித் தெரிந்தது. பெரிய ஸ்ட்ராபெரி இருக்கும் ஊரின் காரவன் பார்க்கில், ஒரு காரவனைப் பின்னால் தள்ளி நிறுத்த அவனுக்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. நாற்காலி போட்டவர்கள் சாப்பிடப் போய்விட்டு வந்து மறுபடி பார்த்திருக்கிறார்கள். காரும் காரவனும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கி, தண்ணீர்க்குழாய் பிய்த்துக்கொண்டு, பார்க் முழுக்க வெள்ளம். உதவிக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்களாம். யாரும் ஹோல்டான் என்று சரியான நேரத்தில் சொல்லவில்லையாம்.

நான்காம் நாள் மத்தியானம் திரும்பி வந்தான். பாசத்தால் வந்தானா, ரிவர்ஸால் வந்தானா என்று ஊரில் உடனே இரண்டு கட்சி ஆனது. பார்க் வாசலில் காரை நிறுத்திவிட்டு மேடையடிக்கு நடந்தான். கேமராவின் திரையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அவ்வளவு உயரத்திலிருந்து அவளுக்கு என்ன தெரிந்திருக்கும். குனிந்தாள். நாங்களும் எட்டிப் பார்த்தோம். வெயிலில் ஒரு ஸ்ட்ராபெரி. கிண்ணத்தில் போட்டுக் க்ரீம் ஊற்றிச் சாப்பிடலாம் போல இருந்தது.

"பதிமூணு மீட்டர், நோல். நானே டேப் வெச்சு அளந்தேன். படத்துல பாரு, வெறும் பழம்." திரையை இன்னும் உயர்த்திப் பிடித்தான். "நீ நிக்காம ஒண்ணுமே பெருசாத் தெரியல."

மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் சொன்னதாகக் குறிப்பேட்டில் இல்லை, ஏனென்றால் சொல்லவில்லை. ஆனால் எடை அளவு இன்ஸ்பெக்டர் ஒருவன் தன் தராசு தப்பு என்று ஒத்துக்கொள்வது லேசான காரியமா? நோலீன் மூக்கை உறிஞ்சினாள். பேக்கரிக்காரனின் மாவு மூட்டை ஒன்று உருண்டது. பிறகு நிமிர்ந்து கையை உயர்த்தினாள். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் லாரிகள் நின்றன. போய்க் காரில் ஏறு என்றாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்த பார்க்கில், மேடையை விட்டு அசையாமல் அவனை ஒரே தடவையில் உள்ளே விட்டாள். வா, வா, இடது ஒடி, நேரா விடு. இப்போது கண்ணாடியில் அவளைத் தவிர வேறொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் கட்டடமா ஆளா என்று கவுன்சில் ஒரு வருஷம் யோசித்து, காற்றுக்குத் தாங்குவாள் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. குளிருக்கு கோதுமைக் குவியலை மூடும் தார்ப்பாய் போர்த்திக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இறங்கி ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வருகிறாள். ஊருக்கு வரும் அத்தனை காரவனையும் அவள்தான் ரிவர்ஸ் விடுகிறாள். ஒன்பது வருஷத்தில் ஒரு விவாகரத்தும் இல்லை, ஒரு குழாயும் உடையவில்லை. நாங்கள் நாற்காலி போடுவதையே விட்டுவிட்டோம், வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது. ஜனங்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். இறங்கியதும் பக்கத்தில் அளவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்பார்கள். ராய்ஸ் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவள் காலடியில் போய் நிற்பான். அவர்கள் பெட்ரோல் பங்க் வரை பின்னால் போவார்கள்.

அந்நியர் கேமரா மெல்லத்தான் கழிக்கிறது, தொப்பியை விட்டுவிடுகிறது. போன குளிர்காலத்தில் அவன் தொப்பிக்குள் செய்தித்தாள் மடித்து வைத்துக்கொண்டான். இந்த வருஷம் தொப்பியை மாற்றிவிட்டான், வால்மா பேரனுடையது. முட்டை அடைகாக்கும் மாதத்தில் மேக்பை பறவைகள் ஆளைப் பார்த்துப் பாய்ந்து கொத்தும்போது, நோலீன் குனிந்து உள்ளங்கையை அவன் மேல் குடையாகப் பிடிக்கிறாள். அவை போனதும் கையை எடுத்துக்கொள்கிறாள். உடம்பைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரே ஒரு தடவை நான் ராய்ஸைக் கேட்டேன். எல்லாம் டயரில் காற்று சரியாக இருப்பதால்தான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

ட்ரேசிக்குப் படம் போகிறது, வாரம் ஒன்று. முகம், மச்சம், ஆரஞ்சுக் கோட்டு, எல்லாம் தெளிவாகத் தெரிகிற படம். அவளும் தவறாமல் பதில் போடுகிறாள். "நல்லாருக்கு. அப்பா எங்க?" வலது காலின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், தொப்பியோடு நிற்கிறான்.